வம்சம் இல்லாத வீரன்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது முதலில் டிரான்சிஸ்டர் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிரான்சிஸ்டர் பற்றி நம் சீனியர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். அதனால் எனக்குத் தெரிந்த வேறு ஒரு விஷயத்தை எழுத வந்திருக்கிறேன். அது ஒரு வீடியோ கேமின் கதை. "வீடியோ கேமுக்கு ஏது கதை? சுடுறதும் ஓடுறதும்தானே?" என்று வகுப்பில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை!

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பெரியம்மா மகன், தான் விளையாடி முடித்த பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியை, போன வருஷம் லீவுக்கு வந்தபோது என் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் "ஸெல்டா" வரிசையில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. தம்பிக்கு இங்கிலீஷ் வேகமாக வாசிக்க வராது. ஆகவே அவன் விளையாடுவான், திரையில் வரும் வசனத்தை நான் படித்துத் தமிழில் சொல்வேன். பக்கத்தில் அம்மா பூக்கட்டிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டிருப்பார். மற்ற விளையாட்டுகளின் கதையை யாரோ விளையாடிப் பதிவு செய்த வீடியோக்களில் பார்த்தோம்.

மூன்றாவது கதை ஆரம்பித்ததும் அம்மா கேட்டார்: "ஏம்மா, மறுபடியும் அதே பையன், அதே இளவரசி, அதே வாளா? ஒரே கதையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றானா?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தேடித்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். சொல்கிறேன், கேளுங்கள்.

1. கதை பிறந்த கதை

ஜப்பான் நாட்டில் கியோட்டோ நகரில் இருப்பது நிண்டெண்டோ கம்பெனி. 1986-ம் ஆண்டு பிப்ரவரி 21-ம் தேதி அவர்கள் "தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகிய இருவர். மியாமோட்டோ சின்ன வயதில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். காடு, மலை, குகை என்று சுற்றித் திரிந்த பையன். தெரியாத குகைக்குள் நுழையும்போது மனசுக்குள் வரும் பயமும் ஆசையும்தான் இந்த விளையாட்டின் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கதை இதுதான். ஹைரூல் என்பது ஒரு ராஜ்ஜியம். அதன் இளவரசி ஸெல்டா. டிரைஃபோர்ஸ் என்பது தெய்வீக சக்தி கொண்ட தங்க முக்கோணம். கானன் என்ற அரக்கன் 'வலிமை' முக்கோணத்தைப் பறித்துக்கொள்கிறான். 'அறிவு' முக்கோணமும் அவன் கைக்குப் போகக்கூடாது என்று இளவரசி அதை எட்டுத் துண்டாக்கி எட்டு இடத்தில் ஒளித்து வைக்கிறாள். அவளைக் கானன் சிறை பிடிக்கிறான். அப்போது எங்கிருந்தோ வந்த லிங்க் என்ற பையன், எட்டுத் துண்டையும் தேடிச் சேர்த்துக் கானனை வெல்கிறான்.

இங்கே எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு சேதி. அந்தக் காலத்தில் பெரும்பாலான விளையாட்டுகளில் மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போச்சு, மறுநாள் முதலில் இருந்து ஆடவேண்டும். 1987-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஸெல்டாவின் தங்க நிறக் கேட்ரிட்ஜுக்குள் ஒரு பொத்தான் பாட்டரி வைத்தார்கள். கரண்ட் இல்லாதபோதும் அது ராம் நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கும். அதனால் நேற்று விட்ட இடத்தில் இருந்து இன்று தொடரலாம். பல நாள் நடக்கும் நீண்ட கதைக்கு இந்தக் குட்டிப் பாட்டரி எவ்வளவு பெரிய உதவி பாருங்கள்! ஆனால் முழு விளையாட்டுக்கும் இருந்த இடம் 128 கிலோபைட்தான். இன்று நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரிது. பக்கம் பக்கமாக வசனம் வைக்க வழியில்லை. அதனால் கதையின் பெரும்பகுதியைப் பெட்டியோடு வந்த கையேட்டில் அச்சடித்தார்கள். விளையாட்டுக்குள் ஒரு கிழவர் வந்து ஒரு வரி சொல்வார், அவ்வளவுதான். சுருக்கமாகச் சொல்லியும் எல்லோருக்கும் புரியவேண்டும் என்றால் கதைக்குச் சில நிலையான அடையாளங்கள் வேண்டும். அப்படிப் பிறந்த அடையாளங்கள்தான் பின்னால் வழக்கங்களாக நிலைத்துவிட்டன.

2. பெயரும் பேச்சும்

முதல் வழக்கம் பெயர். ஒவ்வொரு விளையாட்டிலும் நாயகன் பெயர் லிங்க்தான். ஆனால் அவன் ஒரே ஆள் இல்லை! பெரும்பாலான கதைகளில், முந்தைய கதைக்குப் பல நூறு வருஷம் கழித்து வேறொரு ஊரில் பிறந்த வேறொரு பையன். 'லிங்க்' என்றால் இணைப்பு. ஆடுகிறவரையும் கதையையும் இணைக்கிறவன் என்பதுதான் பொருள். பல விளையாட்டுகளில் ஆரம்பத்தில் நம் பெயரையே எழுதிக்கொள்ளலாம். தம்பி அவன் பெயரை எழுதிவிட்டு, "நீ வரவேண்டும் என்று காத்திருந்தோம்" என்று நான் படிக்கும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவான்.

இளவரசிகளும் அப்படியே. அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி பெயர் ஸெல்டா. அந்தப் பெயரின் ஓசை பிடித்துப்போய் மியாமோட்டோ எடுத்துக்கொண்டார். எல்லா இளவரசிக்கும் ஏன் ஒரே பெயர் என்பதற்கு 1987-ல் வந்த இரண்டாவது விளையாட்டில் காரணம் சொன்னார்கள். பழைய காலத்தில் ஸெல்டா என்ற இளவரசி மந்திரத்தால் தீராத் தூக்கத்தில் விழுந்துவிட்டாள். அதற்குக் காரணமாகிவிட்ட அவள் அண்ணன், அந்த வருத்தம் மறக்கக்கூடாது என்று, இனி அரச குலத்தில் பிறக்கும் பெண்களுக்கெல்லாம் ஸெல்டா என்றே பெயர் வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டானாம். நம் வீடுகளில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது மாதிரி என்று அம்மாவிடம் சொன்னேன். உடனே புரிந்துவிட்டது.

இரண்டாவது வழக்கம், நாயகன் பேசமாட்டான். மற்றவர்கள் எல்லாம் பேசுவார்கள், இவன் தலையாட்டுவான். "ஊமையாடா இவன்?" என்று அப்பா கேட்டார். ஊமை இல்லை. அவன் பேசினால் அது அவன் கருத்தாகிவிடும். பேசாமல் இருந்தால் அந்த இடத்தில் நாம் பேசிக்கொள்ளலாம். பேசாதவனை எல்லோரும் தங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ள முடியும் இல்லையா?

3. தூக்கம், வாள், மூன்று பொருள்

கதை தொடங்கும் விதத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. பையன் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பான்! யாராவது எழுப்புவார்கள். 1991-ல் வந்த "எ லிங்க் டு தி பாஸ்ட்" கதையில் மழை பெய்யும் ராத்திரியில் இளவரசியின் குரல் அவன் காதில் கேட்கிறது. சித்தப்பா வாளை எடுத்துக்கொண்டு, "நீ வெளியே வராதே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், அரண்மனைச் சுரங்கத்தில் சித்தப்பா அடிபட்டுக் கிடக்கிறார். கடைசி மூச்சில் வாளை இவன் கையில் கொடுக்கிறார். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். தம்பியும் கொஞ்ச நேரம் பட்டனைத் தொடவில்லை.

கல்லில் குத்தி நிற்கும் "மாஸ்டர் வாள்" அறிமுகமானதும் இந்தக் கதையில்தான். தகுதி உள்ளவன்தான் அதை உருவ முடியும். அதற்கு முன்னால் மூன்று பொருள் சேர்க்கவேண்டும். இந்தக் கதையில் மூன்று பதக்கம். 1998-ல் வந்த "ஒக்கரினா ஆஃப் டைம்" கதையில் மூன்று ரத்தினக் கல். 2002-ல் வந்த "தி விண்ட் வேக்கர்" கதையில் மூன்று முத்து. மூன்றும் சேர்ந்தால் கதை முடிந்துவிடும் என்று நினைப்போம். அப்போதுதான் கதை தலைகீழாகத் திரும்பும்!

ஒக்கரினா கதையில் பையன் மூன்று கல்லும் சேர்த்து, கோயில் கதவைத் திறந்து, வாளை உருவுகிறான். ஆனால் அவன் சின்னப் பையன், வீரனாக வயது போதாது. ஆகவே அந்த வாளே அவனை ஏழு வருஷம் தூங்க வைத்துவிடுகிறது. அந்தத் திறந்த கதவு வழியாகக் கானன் உள்ளே புகுந்து டிரைஃபோர்ஸைத் தொட்டுவிடுகிறான். பையன் விழித்துப் பார்த்தால் ஊர் பாழ், சந்தையில் மனிதரே இல்லை, பிணங்கள்தான் நடமாடுகின்றன. அவன் நல்லது என்று நினைத்துச் செய்ததே அரக்கனுக்கு வழி திறந்துவிட்டது. இது சின்னப் பிள்ளைக் கதையா, நீங்களே சொல்லுங்கள்!

4. கையில் கிடைத்த கருவி

இந்த விளையாட்டுகளின் நடுப்பகுதி முழுவதும் பாதாளக் கோட்டைகள். அவற்றின் இலக்கணத்தைத் தம்பி மனப்பாடமாகச் சொல்வான். கோட்டைக்குள் சின்னச் சாவி, வரைபடம், திசைகாட்டி கிடைக்கும். நடுவில் ஒரு பெரிய பெட்டியில் புதுக் கருவி இருக்கும். வில், வெடிகுண்டு, கொக்கிச் சங்கிலி, பூமராங் என்று ஏதாவது ஒன்று. அதுவரை தாண்ட முடியாத பள்ளத்தை அந்தக் கருவியால் தாண்டலாம். கடைசியில் பெரிய சாவி, பெரிய கதவு, பெரிய அரக்கன். அந்த அரக்கனின் பலவீனம் பெரும்பாலும் அதே கருவிதான். டோடோங்கோ என்ற பல்லி போன்ற மிருகம் வெடிகுண்டை விழுங்கினால் சாகும் என்பது 1986-ல் வந்த விதி. 1998-லும் டோடோங்கோ குகையில்தான் வெடிகுண்டுப் பை கிடைக்கிறது. ராஜா டோடோங்கோ மூச்சை இழுக்கும்போது வாய்க்குள் குண்டைப் போடவேண்டும். ஜெயித்தால் ஒரு இதயம் பரிசு, உயிர் அளவு கூடும். மூன்று இதயத்தோடு தொடங்கியவன் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் பலசாலி ஆகிறான்.

இதைப் படிக்கும்போது நம் முதல் வருஷ ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் வரவில்லையா? முதலில் அரம் மட்டும் கையில். அதை வைத்து ஒரு வேலை. அது சரியாக வந்தால் அடுத்த கருவி. கருவியைக் கொடுத்து, அதைப் பழக ஒரு இடம் கொடுத்து, பிறகு அதை வைத்தே பரீட்சை. ஸெல்டாவின் கோட்டையும் ஒரு பட்டறைதான். இங்கே கதையும் பாடமும் ஒன்றாக நடக்கிறது. "வீரன் வளர்ந்தான்" என்று வசனத்தில் சொல்வதில்லை. ஆடுகிறவரின் கையே வளர்ந்திருக்கும்.

சின்னச் சின்ன வழக்கங்களும் நிறைய உண்டு. வீட்டுக்குள் புகுந்து பானையை உடைத்தால் காசு விழும், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்! கோழியை வாளால் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கிருந்தோ கூட்டமாகக் கோழிகள் பறந்து வந்து நம்மை ஒரு வழி பண்ணிவிடும். அந்த நாட்டுக் காசின் பெயரை இங்கிலீஷில் எழுதினால் நம் ரூபாய்க்கு எழுதும் அதே எழுத்துகள். முதல் தடவை அதைப் படித்தபோது, "நம்ம பணமா ஜப்பான் விளையாட்டுல ஓடுது?" என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

5. ஏன் திரும்பத் திரும்ப?

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். கதைக்குள்ளேயே அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 2011-ல் வெளிவந்த "ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்" என்பதுதான் காலவரிசைப்படி மிக ஆரம்பத்தில் நடக்கும் கதை. அதன் முடிவில் தோற்றுப்போன அரக்கன் டிமைஸ் ஒரு சாபம் விடுகிறான். தன் பகை மீண்டும் மீண்டும் பிறக்கும், தெய்வத்தின் ரத்தம் உள்ளவளையும் வீரனின் ஆன்மா உள்ளவனையும் அது காலகாலமாகத் துரத்தும் என்பதே அந்தச் சாபம். ஆக, கதை திரும்ப நடப்பதற்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதே 2011 டிசம்பரில் ஜப்பானில் "ஹைரூல் ஹிஸ்டோரியா" என்ற அதிகாரபூர்வமான புத்தகம் வந்தது. எல்லா விளையாட்டுகளையும் ஒரே காலவரிசையில் அடுக்கிக் காட்டினார்கள். ஒக்கரினா கதைக்குப் பிறகு வரலாறு மூன்றாகப் பிரிகிறது. ஒன்றில் வீரன் தோற்றுப்போகிறான். மற்ற இரண்டிலும் ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகு இளவரசி அவனை அவன் இழந்த பிள்ளைப் பருவத்துக்கே திருப்பி அனுப்புகிறாள். அவன் திரும்பிப் போன காலம் ஒரு கிளை. அவன் விட்டுவிட்டுப் போன காலம் இன்னொரு கிளை. இந்தக் கடைசிக் கிளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

என் பதில் வேறு ஒன்று. ஒரே மாதிரி சொல்வதால்தான் ஒரு சின்ன மாற்றம்கூடக் கண்ணில் படுகிறது. பழகிய விதி ஒன்று இருந்தால்தான் அதை மீறும்போது நமக்குத் திக்கென்கிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

1993-ல் கேம்பாய் கருவிக்கு வந்தது "லிங்க்ஸ் அவேக்கனிங்". 2019-ல் ஸ்விட்சுக்கு மறுபடி செய்தார்கள், நாங்கள் ஆடியது அதைத்தான். புயலில் கப்பல் உடைந்து லிங்க் ஒரு தீவில் ஒதுங்குகிறான். கண் விழித்ததும் எதிரில் ஒரு பெண். ஸெல்டா என்று நினைக்கிறான். அவள் மேரின். இந்தக் கதையில் ஸெல்டா வரமாட்டாள், டிரைஃபோர்ஸும் கிடையாது. எட்டு வாத்தியம் சேர்த்து, தூங்கும் காற்றுமீனை எழுப்பவேண்டும். போகப்போகத்தான் தெரிகிறது, அந்தத் தீவே மீன் காணும் கனவு! மீன் விழித்தால் தீவும் மேரினும் அந்த ஊர் ஜனங்களும் இல்லாமல் போவார்கள். எழுப்பாவிட்டால் இவன் வீடு திரும்ப முடியாது. வழக்கமாக ஜெயித்தால் ஊர் பிழைக்கும். இங்கே ஜெயித்தால் ஊர் மறையும். தம்பி கடைசிப் பாட்டை வாசிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டான்.

2000-ல் வந்த "மஜோராஸ் மாஸ்க்" ஒக்கரினா வந்து ஒன்றரை வருஷத்துக்குள் முடிக்கப்பட்டது. நேரம் இல்லாததால் பழைய விளையாட்டின் முகங்களையே எடுத்து வேறு மனிதர்களாக்கினார்கள். பூமியை நோக்கி நிலா விழுந்துகொண்டிருக்கிறது. இருப்பது மூன்றே நாள், 72 மணி நேரம். பாட்டு வாசித்து முதல் நாளுக்குத் திரும்பலாம், ஆனால் நாம் உதவி செய்தவர்களுக்கெல்லாம் அது மறந்துபோகும். மறுபடி அதே சோகத்தோடு நிற்பார்கள். திரும்பத் திரும்ப வருவதையே கதையாக்கிவிட்டார்கள் பாருங்கள்.

6. வம்சம் இல்லாத பையன்

இனி எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கதை. 2002-ல் வந்த "விண்ட் வேக்கர்". வீரன் விட்டுப்போன கிளை என்று மேலே சொன்னேனே, அதில் நடப்பது. கானன் மறுபடி வருகிறான். பழைய கதையில் மாதிரி பச்சை உடுப்பு வீரன் வந்து காப்பாற்றுவான் என்று ஜனங்கள் காத்திருக்கிறார்கள். வீரன் வரவில்லை. வேறு வழியின்றித் தெய்வங்களிடம் முறையிடுகிறார்கள். ஹைரூல் முழுவதும் கடலுக்கு அடியில் போகிறது. மலை உச்சிகள் மட்டும் தீவுகளாக மிஞ்சுகின்றன.

பல காலம் கழித்து, ஒரு சின்னத் தீவில் பாட்டியோடும் தங்கச்சியோடும் ஒரு பையன். அந்தத் தீவில் ஒரு பழக்கம். பையன்கள் பழைய வீரனின் வயதை எட்டும் பிறந்தநாளில் அவனைப் போலப் பச்சைச் சட்டை போடவேண்டும். பாட்டி சட்டை எடுத்துக் கொடுக்கிறாள். இவனுக்கு அது புழுக்கம், பிடிக்கவே இல்லை. அன்றைக்கே ஒரு ராட்சசப் பறவை தங்கச்சியைத் தூக்கிப் போய்விடுகிறது. உலகத்தைக் காப்பாற்ற இவன் கிளம்பவில்லை, தங்கச்சியைத் தேடித்தான் கிளம்புகிறான்.

வழியில் பேசும் படகு ஒன்று துணைக்கு வருகிறது. மூன்று முத்து சேர்க்கும் இடத்தில் அந்தப் படகும், ஜாபுன் என்ற பெரிய மீனும் பழைய ஹைரூல் மொழியில் பேசிக்கொள்கிறார்கள். திரையில் புரியாத எழுத்து வரும், நமக்கு ஒன்றும் விளங்காது. முழுக் கதையையும் முடித்துவிட்டு இரண்டாவது தடவை தொடங்கினால்தான் அந்தப் பேச்சு மொழிபெயர்ப்போடு வரும். அப்போதுதான் தெரிகிறது படகு என்ன சொன்னது என்று. இந்தப் பையனுக்கும் அந்தப் பழைய வீரனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் இவனுடைய தைரியத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். கடல் கொள்ளைக்காரி டெட்ரா, கடைசியில் ஸெல்டாவின் வம்சம் என்று தெரிகிறது. வாளுக்குச் சக்தி கொடுக்க வரும் மெட்லியும் மகாரும் பழைய ஞானிகளின் வம்சம். பேசும் படகே ஹைரூலின் ராஜா! எல்லோருக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. இவனுக்கு மட்டும் இல்லை. இவனிடம் இருப்பது பாட்டி கொடுத்த சட்டை ஒன்றுதான். 'தைரியம்' முக்கோணம் எட்டுத் துண்டாகக் கடலடியில் கிடக்கிறது. ஊர் ஊராகப் படகில் போய், ஒவ்வொரு துண்டாகத் தூக்கிச் சேர்த்த பிறகுதான் அவனுக்கு 'காற்றின் வீரன்' என்ற பெயர் கிடைக்கிறது. மற்றவர்களுக்குப் பிறப்பில் வந்தது, இவனுக்கு உழைப்பில் வருகிறது.

நான் இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அட்மிஷன் படிவத்தில் பெற்றோர் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா வாழைக்காய் மண்டியில் லோடு இறக்குபவர். இரண்டு பேருக்கும் நான் "இல்லை" என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல சொல்லிக் குடுக்க யாரும் இல்லையாம்மா? டிப்ளமோ கணக்கெல்லாம் கஷ்டமாச்சே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முதல் செமஸ்டர் முழுவதும் அந்த வார்த்தை கூடவே வந்தது. கணக்கில் ஒரு பேப்பர் போனபோது, அவர் சொன்னது சரிதானோ என்று அழுதேன். பிறகு எழுதிப் பாஸ் செய்துவிட்டேன், அது வேறு விஷயம்!

விண்ட் வேக்கர் வீடியோ பார்த்த அன்று ராத்திரி அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "அவனுக்கு வம்சம் இல்லைன்னு அந்தப் படகு சொல்லிடுச்சும்மா" என்றேன். அம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். அத்தனை கதை சொல்லியிருக்கிறேன். அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

7. இளவரசியின் முறை

இன்னொரு வழக்கத்தைச் சொல்லாமல் முடித்தால் என் தோழிகள் சண்டைக்கு வருவார்கள். கதையின் பெயரே ஸெல்டா. ஆனால் பெரும்பாலும் அவள் சிறையில் இருப்பாள், அல்லது தூங்குவாள். எனக்கும் அதில் கோபம்தான்.

இது மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. 2017-ல் வந்த "பிரெத் ஆஃப் தி வைல்ட்" பல விதிகளை உடைத்தது. பையன் நூறு வருஷத் தூக்கத்தில் இருந்து எழுகிறான், பழசெல்லாம் மறந்துவிட்டது. முக்கியக் கருவிகளை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு எந்தத் திசைக்கும் போகலாம், தைரியம் இருந்தால் நேராகக் கானனிடமே போகலாம். ஆனால் பழைய வழக்கமும் விடவில்லை. தூக்கம், குரல், கிழவர், வாள் எல்லாம் உண்டு. இந்த ஸெல்டா பழங்கால இயந்திரங்களை ஆராய்ச்சி செய்யும் பெண். இயந்திரத்தைக் கண்டால் அவள் கண் விரியும். அவள் அப்பாவோ, அதையெல்லாம் விட்டுவிட்டுப் பிரார்த்தனை செய், உனக்குள் சக்தி வரவேண்டும் என்று திட்டுவார். நூறு வருஷமாகக் கோட்டைக்குள் கானனைத் தனி ஆளாகக் கட்டி வைத்திருப்பது அவள்தான். பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு என்று கேள்விப்பட்ட யாருக்கும் இவளைப் பிடிக்காமல் போகாது.

2024 செப்டம்பரில் வந்த "எக்கோஸ் ஆஃப் விஸ்டம்" கதையில் லிங்க் ஆரம்பத்திலேயே காணாமல் போய்விடுகிறான். அவனைத் தேடி ஸெல்டா புறப்படுகிறாள். முழுக் கதைக்கும் அவள்தான் நாயகி. அதை இயக்கியவர்களில் ஒருவர் தோமோமி சானோ. ஸெல்டா வரிசையில் ஒரு விளையாட்டை இயக்கிய முதல் பெண் அவர். முதல் கதை வந்து 38 வருஷம் கழித்து! தாமதம்தான். ஆனாலும் வந்துவிட்டது.

முடிவாக...

அன்புத் தோழர்களே! ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்வது கற்பனை வறட்சி என்று இனிமேல் சொல்லாதீர்கள். வழக்கம் என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். பையன் எழுவான், யாரோ ஒருவர் வாள் கொடுப்பார், கருவி ஒவ்வொன்றாகக் கிடைக்கும், பூட்டிய கதவு திறக்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்து கேட்கிறோம். ஏனென்றால் இந்தத் தடவை வந்திருக்கும் பையன் யார், அவனால் முடியுமா என்பது தெரியாது.

இந்தக் கதைகளில் முதல் வாளைப் பெரும்பாலும் யாரோ ஒருவர்தான் கையில் கொடுக்கிறார், சித்தப்பாவோ, குகையில் இருக்கும் கிழவரோ. எனக்கு அப்பா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, அந்தப் படிவத்தில் ரேகை வைத்தார். எனக்குக் கிடைத்த வாள் அது. இனி கோட்டைகளை நான்தான் தாண்டவேண்டும். நமக்குப் பின்னால் நம் வீட்டிலிருந்து ஒரு தம்பியோ தங்கச்சியோ அட்மிஷன் படிவம் நிரப்பும்போது, "வீட்டில் படித்தவர்" என்று எழுத நம் பெயர் இருக்கும். வம்சம் எங்கோ ஒரு இடத்தில் ஆரம்பிக்கத்தானே வேண்டும்?

இறுதிப் பரீட்சை நெருங்குகிறது. ஸ்விட்ச் இப்போது பீரோவுக்குள், சாவி அம்மாவிடம்!



இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை